ஆறாவது நகல்

இரவு பத்துக்கு ஊரடங்கு.
அதனால்தான் எங்கள் கூட்டம்
காலை ஆறு வரை நடந்தது.
துணிச்சல் என்று நினைத்துவிட வேண்டாம்,
வீட்டுக்குப் போக வழியில்லை, அவ்வளவுதான்.

லூப்ளின், எண்பத்திரண்டு, பிப்ரவரி.
நான்காம் மாடியில் ஒன்றரை அறை.
லிஃப்ட் ஓடாது.
படியேறி வந்த பதினொரு ஜோடி பூட்ஸிலிருந்து
பனி உருகி
குளியலறை வரை ஒரு நதி போகும்.
அதற்குப் பெயர்கூட வைத்திருந்தோம்,
ஏதோ செவ்வாய்க் கால்வாயின் பெயர்.
மறந்துவிட்டது.

சர்க்கரைக்கு ரேஷன். காப்பிக்கு ஆள் தெரிந்திருக்க வேண்டும்.
கிராஷினா தன் சர்க்கரையை
மாத்திரைப் புட்டியில் கொண்டுவருவாள்,
மிச்சத்தைத் திருப்பி எடுத்துப்போவாள்.
வெட்கப்பட யாருக்கு நேரம்?
ஒளியாண்டுகளைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

லாரித் தொழிற்சாலையில் நான் தட்டச்சுக்காரி.
காகிதம் அங்கிருந்துதான் வந்தது என்று
இப்போது சொல்லலாம்,
தொழிற்சாலையே இல்லை.
யாரோ பெட்டிக்கடியில் ஒளித்து வந்த ஆங்கிலக் கதையை
லுட்விக்கா வாய்விட்டு மொழிபெயர்ப்பாள்,
நான் அடிப்பேன்.
ஆறு தாள், நடுவே ஐந்து கார்பன்.
ஒவ்வோர் எழுத்தும் ஆணி அறைகிற மாதிரி.
வலது சுட்டுவிரல் இன்றும்
கொஞ்சம் கோணல்.

கீழ்வீட்டு சோப்சாக் அம்மாள்
வெந்நீர்க் குழாயில் கரண்டியால் தட்டுவாள்.
மூன்று தட்டு. இடைவெளி. ஒன்று.
"முப்பத்தொன்று! பகா எண்!" என்று துள்ளுவான்
கணக்கு வாத்தியார் ஸிக்மண்ட்.
"கீழே அறிவுள்ள உயிர் இருக்கிறது."
நாங்கள் சிரித்த சிரிப்பில் மறுபடி தட்டினாள்,
இந்தத் தடவை இடைவெளியே இல்லாமல்.

தொலைபேசியை எடுத்தால்
உரையாடல் கண்காணிக்கப்படுகிறது
உரையாடல் கண்காணிக்கப்படுகிறது
என்று ஒரு பெண் குரல்.
அவளையும் சேர்த்துக்கொண்டோம்.
பன்னிரண்டாவது உறுப்பினர், சந்தா பாக்கி.

ஆறாவது நகல் எப்போதும் போகுமிலுக்கு.
கடைசி டிராலிபஸ்ஸில் வருகிறவனுக்குக்
கடைசித் தாள்.
எழுத்து என்று சொல்ல அதில் எதுவுமிருக்காது,
நீலமாக ஒரு மூட்டம்.
விளக்கடியில் பிடித்துச் சாய்த்து
தெரிவதை வாசிப்பான்,
தெரியாததை அவனே சொல்வான்.
எங்கள் தாளில் கப்பல் எரிந்து விழுந்தது.
அவன் தாளில் அது ஓர் ஏரியில் இறங்கியது.
எங்கள் தாளில் கப்பல்தலைவி ஒரு வார்த்தை பேசாமல் செத்தாள்.
அவன் தாளில் கரையேறித் தலை துவட்டி
"பசிக்கிறது" என்றாள்.

லுட்விக்காவுக்குக் கோபம்,
மூலத்தில் அப்படி இல்லவே இல்லை.
அவன் தாளை நீட்டினான்:
"எங்கே, இல்லை என்று காட்டு பார்க்கலாம்."

விடியும் நேரத்தில் கோட்டுகளைப் போர்த்திக்கொண்டு
தரை முழுக்கத் தூங்குவார்கள்.
யாருடைய கால் யாருடைய தலைமாட்டில் என்று
அவர்களுக்கே தெரியாது.
நான் ஒவ்வொருவராய்த் தாண்டிப் போய்
உருளைக்கிழங்கு வேகப்போடுவேன்.
கப்பல்தலைவிக்கும் சேர்த்து இரண்டு.

மே மாதம் ஊரடங்கை எடுத்தார்கள்.
ஊரே மகிழ்ந்தது, நானும்தான்.
அந்தச் சனிக்கிழமை
பத்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில்
கிராஷினா கடிகாரத்தைப் பார்த்தாள்.
புட்டியை மூடினாள்.
கடைசி பஸ் என்றாள்.
ஒருவர் எழுந்தால் போதாதா,
ஒன்பது கோட்டுகள் ஆணியிலிருந்து இறங்கின.
கதை பாதியில் நின்றது.
இதை யாரிடமும் சொன்னதில்லை:
அன்றைக்கு மட்டும், ஒரு நிமிடம்,
அந்த ஊரடங்கு எனக்கு வேண்டியிருந்தது.

போன வாரம் ரயில் நிலையப் புத்தகக் கடையில்
அதே கதை, வழவழப்பான அட்டையில்.
நின்றபடியே கடைசிப் பக்கம் புரட்டினேன்.
கப்பல் எரிந்து விழுகிறது.
நல்ல மொழிபெயர்ப்பு, குறை சொல்ல முடியாது.
இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.
ஏரி எங்கே என்று
கடைக்காரப் பெண்ணிடம் கேட்கவா முடியும்?